சேலத்துக்கு வந்த மதராஸ்காரரின் பெயர் என்ன?

மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தமிழ்ச் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள், கோயில் குழுக்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் விழாக்களில் சாப்பாட்டு வரிசையில் மட்டும் தவறாமல் நிற்கிற ஆள் நான். மேடைப் பக்கம் வந்ததில்லை. எசெக்ஸ் கவுன்ட்டியில், சேலம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் குடியிருக்கிறேன். (ஊரில் சொந்தக்காரர்களிடம் "சேலத்துக்குப் பக்கம்" என்று சொன்னால் மாம்பழம் எப்படி என்று கேட்கிறார்கள். இந்தச் சேலத்தில் அமோக விளைச்சல் ஹாலோவீன் கூட்டம்தான்.) வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமை காலைகளில் எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குப் போய்த் தொண்டு செய்கிறேன். பழைய காகிதங்களில் துருவேறிய குண்டூசிகளைப் பிடுங்குவது, புகைப்படங்களின் பின்னால் பென்சிலால் எண் போடுவது, பெட்டிகளுக்குப் பட்டியல் எழுதுவது, இவ்வளவுதான் வேலை. அதைச் செய்யச் செய்ய மனதில் ஒரு பயம் வளர்ந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

சேலத்தில் வில்லியம் பென்ட்லி என்று ஒரு பாதிரியார் இருந்தார். 1784இல் தொடங்கி 1819இல் சாகும் வரை நாட்குறிப்பு எழுதியவர். எந்தக் கப்பல் வந்தது, யார் போய்ச் சேர்ந்தார், யாருக்கும் யாருக்கும் ஆகவில்லை, எல்லாம் அதில் இருக்கும். 1790 டிசம்பர் 29ஆம் தேதி அவர் மதராஸிலிருந்து வந்த ஒருவரைப் பார்க்கிறார். இந்திய நாட்டு மனிதர் ஒருவரை அவர் கண்ணால் காண்பது அதுவே முதல் முறை. நல்ல கறுப்பு நிறம், நீண்ட கருங்கூந்தல், சாந்தமான முகம், உயரம், வாட்டசாட்டமான உடல் என்று வர்ணித்துவிட்டு, கேப்டன் கிபாட்டோடு வந்தவர், ஐரோப்பாவுக்கும் போயிருக்கிறார் என்று சேர்த்துக்கொள்கிறார். முகத்தில் உணர்ச்சி அவ்வளவாகத் தெரியவில்லை என்று ஒரு குறையும் உண்டு. டிசம்பர் கடைசியில் சேலம் குளிரில் நிற்கிற மதராஸ்காரர் முகத்தில் பாதிரியார் எந்த உணர்ச்சியை எதிர்பார்த்தாரோ!

அதோடு சரி. அந்த மனிதருக்குப் பெயர் இல்லை. தமிழரா தெலுங்கரா, திரும்பி ஊர் போய்ச் சேர்ந்தாரா, இங்கேயே மண்ணுக்குள் போனாரா, எதுவும் அந்தக் குறிப்பில் இல்லை.

அந்தச் சில வரிகளாவது நமக்குக் கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1821இல் சேலத்தில் எசெக்ஸ் வரலாற்றுச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கவுன்ட்டி என்பது ஏறக்குறைய நம் ஊர் மாவட்டம் மாதிரி. இது மாவட்ட வரலாற்றுச் சங்கம். 1848இல் அது கவுன்ட்டியின் இயற்கை வரலாற்றுச் சங்கத்தோடு இணைந்து எசெக்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆனது. அந்த நிறுவனம்தான் பென்ட்லியின் நாட்குறிப்பை 1905 முதல் 1914 வரை நான்கு தொகுதிகளாக அச்சிட்டது. அச்சிட்டவர்கள் மதராஸ்காரருக்காக அச்சிடவில்லை. தங்கள் ஊர்ப் பாதிரியாருக்காக அச்சிட்டார்கள்; நம் ஆள் அந்த ஓலைக்கட்டில் ஒட்டிக்கொண்டு வந்த எறும்பு. எசெக்ஸ் கவுன்ட்டியின் அரசு நிர்வாகத்தையே 1999இல் கலைத்துவிட்டார்கள். கவுன்ட்டி அலுவலகம் போனது, கவுன்ட்டியின் காகிதங்கள் இருக்கின்றன.

அதே சேலத்தில் 1799இல் கப்பல் தலைவர்கள் சேர்ந்து கிழக்கிந்தியக் கடல் சங்கம் அமைத்தார்கள். நன்னம்பிக்கை முனையையோ ஹார்ன் முனையையோ சுற்றிக் கப்பல் ஓட்டியவர்கள்தான் உறுப்பினர் ஆகலாம். பயணம் புறப்படும்போது கையில் ஒரு வெற்றுக் குறிப்பேட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். கண்டதை எழுதிக்கொண்டு வந்து சங்கத்தில் ஒப்படைக்க வேண்டும். கூடவே போன இடத்து அபூர்வப் பொருள்களும் வந்து சேர்ந்தன. இந்தச் சங்கத்தின் வழிவந்த அருங்காட்சியகமும் எசெக்ஸ் இன்ஸ்டிட்யூட்டும் 1992இல் ஒன்றானதுதான் இன்றைய பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகம். போகாதவர்கள் ஒரு முறை போய் வாருங்கள்.

எழுதி வைக்கிற விஷயத்தில் இந்தச் சேலத்து மாலுமிகளை மிஞ்ச முடியாது. கேப்டன் ஜேக்கப் கிரவுனின்ஷீல்ட் கல்கத்தாவில் 450 டாலருக்கு ஒரு யானைக் குட்டி வாங்கி, 1796இல் 'அமெரிக்கா' என்ற கப்பலில் நியூயார்க்கில் கொண்டுவந்து இறக்கினார். வழியில் செயின்ட் ஹெலினா தீவில் யானைக்காகத் தழை ஏற்றியது வரை கப்பல் பதிவேட்டில் இருக்கிறது. மறு ஆண்டு அந்த யானையைச் சேலத்தில் காட்சிக்கு வைத்தபோது நம் பாதிரியாரும் போய்ப் பார்த்து, அதன் உயரத்தை அடி, அங்குலக் கணக்கில் நாட்குறிப்பில் ஏற்றினார். யானைக்கு விலை உண்டு, உயரம் உண்டு, தீவனக் கணக்கு உண்டு. மதராஸ்காரருக்குப் பெயரே இல்லை. அவர் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதமாவது அந்த ஊர்ப் பெட்டி ஏதாவது ஒன்றில் இருந்திருந்தால்!

இனி நம் கதைக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில் எனக்குப் பழக்கமான ஒரு மூத்த தம்பதி வீட்டை விற்றுவிட்டு மகள் ஊருக்குப் போனார்கள். 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்த பிறகு வந்த முதல் தலைமுறை அவர்கள். பொருள்களைக் கட்டக் கைகொடுக்கப் போனேன். வாசலில் டம்ப்ஸ்டர், அதாவது பெரிய குப்பைத் தொட்டி, நின்றது. அடித்தளத்திலிருந்து பிள்ளைகள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து அதில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். நீல நிற ஏரோகிராம் கட்டுகள். கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்த பொங்கல் விழா அழைப்பிதழ்கள். பல்கலைக்கழக அரங்கை வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் படம் போட்ட வரவு செலவு நோட்டு. அதில் யார் யார் எத்தனை டிக்கெட் வாங்கினார்கள், யார் இன்னும் பணம் தரவில்லை என்பது முதற்கொண்டு. தமிழ்ப் பாடப் புத்தகம் கிடைக்காத காலத்தில் அந்த அம்மா தன் கையால் படம் வரைந்து தயாரித்த அ, ஆ பாடத்தாள்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அந்த எழுத்து படிக்க வராது. வீட்டை ஒப்படைக்க இரண்டு நாள்தான் பாக்கி.

எனக்குக் குறை சொல்லும் தகுதியும் கிடையாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு தமிழ் வகுப்பின் சேமிப்பறையைக் காலி செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாத வாடகை மிச்சம் என்ற ஒரே எண்ணத்தில் பழைய ஆண்டு மலர்கள், வருகைப் பதிவேடுகள், நாடக வசனப் பிரதிகள் எல்லாவற்றையும் மறுசுழற்சித் தொட்டியில் போட்டவன் நான். முப்பது நிமிட வேலை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "பழசுதானே" என்றுதான் சொல்லியிருப்பேன்.

பாதிரியாரின் ஊரில் கிடைக்கிற காகிதங்களில் நாம் இன்றைக்கும் இருக்கிறோம், ஆனால் பாதிதான் இருக்கிறோம். கோயிலோ பள்ளியோ கட்ட அனுமதி கேட்டு ஊர்க் குழுவின் முன் நாம் போய் நின்றபோது நடந்த கேள்வி பதிலெல்லாம் நகர மன்றக் குறிப்புகளில் பதிவாகியிருக்கும். வண்டி எங்கே நிறுத்துவீர்கள், சத்தம் வருமா, கோபுரம் எவ்வளவு உயரம். அது அவர்கள் பாதி. அதற்கு முந்தைய இரவு யார் வீட்டில் கூடிப் பேசினோம், யார் நகையை அடகு வைத்தார், எந்த அம்மா முந்நூறு பேருக்குப் புளியோதரை கிளறி நிதி திரட்டினார் என்பது நம் பாதி. அது நம் கராஜ்களில் ஈரம் ஏறிக் கிடக்கிறது.

நம் மாநிலத்து ஊரான ஆஷ்லண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் மாரத்தான் முதன்முதலில் 1897இல் புறப்பட்டது அந்த ஊரிலிருந்துதான். மின்சாரக் கடிகாரம் செய்த ஹென்றி வாரனின் ஊரும் அதுவே. அந்த ஊர்க்காரர்களுக்கு அதில் பெருமை உண்டு, பொருள்களும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதே ஊரில் 1990இல் ஸ்ரீ லட்சுமி கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. கங்கை நீரோடு மிசிசிப்பி, கொலராடோ, மெரிமாக் ஆறுகளின் நீரையும் கலந்து ஊற்றினார்கள். மெரிமாக் எங்கள் எசெக்ஸ் கவுன்ட்டி வழியாகக் கடலில் சேர்கிற ஆறு. அதைக் குடத்தில் மொண்டு வந்தவர் யார், எந்தக் கரையில் இறங்கினார்? கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருப்பார்கள். எண்பது வயதைத் தாண்டியிருப்பார்கள்.

ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு உலகத் தமிழர் சேர்ந்து 60 லட்சம் டாலர் திரட்டினோம். நானும் என் சக்திக்குக் கொடுத்தேன், பெருமைதான். சங்க இலக்கியத்துக்கு இருக்கை வாங்கத் தெரிந்த நமக்கு, சங்கத்தின் மினிட் புத்தகத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி வாங்கத் தோன்றவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

"அதெல்லாம் வெள்ளைக்காரக் கிழவர்களின் கூடம், நம் பொருளை வாங்குவார்களா?" என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. பென்ட்லி காலத்திலிருந்து நாம் அந்தக் காகிதங்களில் வேடிக்கைப் பொருளாகத்தான் நுழைந்திருக்கிறோம். ஆனால் நான் போகிற சங்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அங்கே கண்ணாடி அலமாரியில் ஆளுயர ரம்பம் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் குளத்துப் பனிக்கட்டியை அறுக்கிற ரம்பம். நான் போன புதிதில் அதைப் பார்த்துவிட்டு, பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி அனுப்பியதையும், பிறகு மதராஸில் கடற்கரையோரம் அதற்கென்றே 1842இல் கட்டடம் எழுப்பியதையும், திருவல்லிக்கேணியில் அந்த இடத்துக்கு இன்றும் ஐஸ் ஹவுஸ் என்று பெயர் வழங்குவதையும் சொன்னேன். பொறுப்பாளரான பாட்டி என்னை உட்கார வைத்து முழுதும் கேட்டார். மறு வாரம் ரம்பத்துக்குக் கீழே புதிய விளக்க அட்டை. "மதராஸ்" என்ற சொல் அதில் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக அந்த ரம்பம் அங்கேதான் தொங்குகிறது. மதராஸ்காரன் யாரும் வாய் திறக்கவில்லை, அவ்வளவே.

எல்லாவற்றையும் வாங்குவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இடம் குறைவு, ஆள் குறைவு. வெண்ணெய் கடையும் மரக்குடம் எங்களிடம் ஏழு இருக்கிறது. எட்டாவதோடு ஒருவர் வந்தால் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவோம். வெள்ளிக் குத்துவிளக்கு, தஞ்சாவூர்த் தட்டு வேண்டாம். அது எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். கோயம்புத்தூரிலிருந்து 110 வோல்ட் மோட்டாரோடு வரவழைத்த கிரைண்டர் வேண்டும், அதில் மாவாட்டி விழாவுக்கு இட்லி சுட்டவர் பெயரோடு. ஒரு பொருளை அந்த ஊரோடும் ஒரு மனிதரோடும் கட்டிப்போடுகிற கதை இருந்தால்தான் அது சேகரிப்பு. இல்லாவிட்டால் இன்னொரு சாமான்.

கொடுக்கும்போது நன்கொடைப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து கேட்பார்கள். அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். உரிமை யாருக்கு, பதிப்புரிமை யாருக்கு, குடும்பக் கடிதங்களை இத்தனை ஆண்டுக்கு மூடி வைக்கலாமா, பின்னாளில் வேண்டாம் என்று முடிவு செய்தால் யாரிடம் தருவார்கள் என்பதெல்லாம் பேசி எழுத வேண்டியவை. இரவல் வேறு, நன்கொடை வேறு. சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டிச் சேலத்தில் நடத்திய 1692ஆம் ஆண்டு வழக்குகளின் மூல ஆவணங்கள் 500க்கு மேல் பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தின் ஃபிலிப்ஸ் நூலகத்தில் இருந்தன. அவை மாநில உச்ச நீதிமன்றத்துக்குச் சொந்தமானவை, அங்கே வைப்பாக மட்டும் இருந்தவை. 2023இல் நீதிமன்றத்திடமே திரும்பிப் போயின. முந்நூறு ஆண்டுக் காகிதத்துக்கே கடைசியில் பேசியது உரிமை யாருடையது என்பதுதான்.

அந்த நூலகத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011இல் பழுது பார்க்க மூடினார்கள். 2017 டிசம்பரில், சேகரிப்பு சேலத்துக்குத் திரும்பாது, அதே கவுன்ட்டியிலுள்ள ரௌலி என்ற ஊரில் ஒரு காலத்தில் பொம்மை நிறுவனம் இருந்த கட்டடத்துக்குப் போகும் என்று அருங்காட்சியகம் அறிவித்தது. ஊரே கொந்தளித்தது. சேலத்தின் காகிதம் சேலத்தில் இருக்க வேண்டாமா என்று நானும் கோபப்பட்டேன். 2018இல் ரௌலியில் திறந்தார்கள். கார் இல்லாதவர் அங்கே போவது கஷ்டம், அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் எங்கள் சங்கத்தின் நிலவறையில் ஒரு கோடை மழைக்குப் பிறகு பூஞ்சை பூத்த பேரேடுகளை விசிறியடித்துக் காயவைத்த நாளிலிருந்து, ஈரப்பதமும் வெப்பமும் கட்டுக்குள் இருக்கிற கட்டடத்தை அவ்வளவு சுலபமாக என்னால் திட்ட முடியவில்லை. ஆகவே எங்கே கொடுப்பது என்று யோசிக்கும்போது ஊர்ப் பாசத்தோடு, கூரை ஒழுகுகிறதா என்றும் ஒரு முறை பாருங்கள்.

சென்னைக்கு அனுப்பலாமே என்று கேட்பவர்களுக்கு: ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த நூல்கள் அவர் காலத்துக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காப்பாற்றப்பட்டது தமிழுக்கு வந்த பெரிய அதிர்ஷ்டம். ஆனால் ஆஷ்லண்டில் நடந்ததை ஆஷ்லண்ட் பள்ளிப் பிள்ளை தேடினால் ஆஷ்லண்டில் கிடைக்க வேண்டும். அதைத் தேடி, அந்த நூலகம் இருக்கிற சென்னைத் தரமணிக்கு விமானம் ஏறச் சொல்ல முடியாது.

கையை விட்டுக் கொடுக்க மனமில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் 2004 முதல் 'மாஸ் மெமரீஸ் ரோட் ஷோ' என்று ஊர் ஊராக நடத்துகிறது. புகைப்படங்களைக் கொண்டுபோனால் அங்கேயே ஸ்கேன் செய்து, அதன் கதையையும் கேட்டுக்கொண்டு, மூலத்தைக் கையிலேயே திருப்பித் தருவார்கள். 2008இல் தொடங்கி இப்போது பிலடெல்பியாவில் இயங்குகிற தெற்காசிய அமெரிக்க மின்னணு ஆவணக்காப்பகமும் இதே முறையில்தான் சேர்க்கிறது. பொங்கல் விழாவில் கோலப்போட்டிக்கும் குழு நடனத்துக்கும் நடுவே ஒரு மூலையில் ஒரு ஸ்கேனரும் இரண்டு இளைஞர்களும் போதும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஒவ்வோர் அமைப்பிலும் பொருளாளர் இருப்பதுபோல் ஆவணப் பொறுப்பாளர் ஒருவரை நியமியுங்கள். நிர்வாகம் மாறும்போது வங்கிக் கணக்கைக் கைமாற்றுவது போல மினிட் புத்தகத்தையும் பெட்டியையும் கையெழுத்து வாங்கிக் கைமாற்றுங்கள். வி.எச்.எஸ். வீடியோ நாடாக்களை முதலில் கவனியுங்கள். காகிதம் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கும், காந்த நாடா பொறுக்காது; அதை ஓட்டுகிற கருவியும் அருகிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் கிடப்பதை ஆவணம் என்று நினைக்காதீர்கள். ஒருவர் போன் மாற்றினால் அது போச்சு. மூத்தவர்களிடம் பேசிப் பதிவு செய்யுங்கள், வாழ்க்கைத் தத்துவம் கேட்காமல். "முதல் நாள் என்ன சமைத்தீர்கள், கறிவேப்பிலைக்கு என்ன செய்தீர்கள், வீட்டுக்காரர் வாடகைக்குத் தர மறுத்த தெரு எது" என்று கேளுங்கள். அப்போதுதான் ஊர் வரும் வாயில்.

படங்களின் பின்னால் பெயர் எழுதுங்கள். மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். பால் பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் மேடிட்டுவிடும். இடமிருந்து வலமாக. "ராஜு மாமா" என்று எழுதினால் ஐம்பது ஆண்டு கழித்து யாருக்கும் உதவாது. முழுப் பெயர், ஊர், ஆண்டு.

அந்த டம்ப்ஸ்டரிலிருந்து என்னால் காப்பாற்ற முடிந்தது மூன்று பெட்டி. அதில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. ஏதோ ஒரு ஏரிக்கரை, பிக்னிக் மேசை, பதினான்கு பேர். பின்னால் "ஜூலை 1974" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அந்தத் தம்பதிக்குத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி ஒன்பது பேரின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டோம். பெண்களில் மூவரும் ஒரு கைக்குழந்தையும் பாக்கி. அதோடு, வலது கோடியில் கட்டம் போட்ட சட்டையும் கையில் நான்கடுக்கு டிபன் கேரியருமாக ஒருவர் நிற்கிறார். நல்ல உயரம். வேறு யாரோ அழைத்து வந்த விருந்தாளி என்று மட்டும் அந்த அம்மாவுக்கு ஞாபகம்; மதராஸிலிருந்து வந்திருந்தாராம்.

அடுத்த விழாவில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வாசல் மேசையில் வைக்க அனுமதி கொடுங்கள். பக்கத்தில் ஒரு பென்சிலும் காகிதமும் வைத்துவிட்டு நான் வழக்கம்போல் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
எசெக்ஸ் கவுன்ட்டியிலிருந்து ஒரு சனிக்கிழமைத் தொண்டர்